குருத்தோலை பிடித்தால் நம்மாளா?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நடக்கும் நம் நாடக விழாவின் பேனரை இந்தக் குழுவிலேயே பத்துப் பேர் பகிர்ந்தாயிற்று. 'நம் தாத்தா காலத்துத் தமிழ் நாடக விளம்பரம், 1920' என்று எழுதி, பக்கத்தில் பொட்டு வைத்த ஒரு பெண்ணின் படம். அந்தப் பொட்டு மட்டும்தான் நம்முடையது.

மற்றதெல்லாம் பாரிஸ். பிரெஞ்சு நடிகை சாரா பெர்ன்ஹார்ட் நடித்த 'ஜிஸ்மோண்டா' நாடகத்துக்கு அல்ஃபோன்ஸ் மூக்கா வரைந்த சுவரொட்டி அது. 1895 ஜனவரி 1-இல் பாரிஸ் சுவர்களில் ஏறியது. இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம் என்பதால் லித்தோ என்னும் கல்லச்சில் இரண்டு தாளாக அடித்து ஒட்டினார்கள். அழகான வேலை, மறுக்கவில்லை. தலையில் ஆர்க்கிட் பூ, கையில் ஓலை. "அண்ணே, குருத்தோலை பிடிச்சிருக்கு, நம்மாளுதான்" என்கிறார் குழுத் தம்பி ஒருவர். என்னத்தைச் சொல்ல!

இதை வைக்கவேண்டிய அவசியமே இல்லை. தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது கொண்டுவந்த நாடக நோட்டீஸை நானே எடுத்துக்கொண்டு போய் விழாக் குழுவிடம் காட்டினேன். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம். மெல்லிய ரோஸ் தாள். ராஜபார்ட் பெயர் கொட்டை எழுத்தில், ஸ்திரீபார்ட், பபூன் பெயர்கள் அதற்குக் கீழே, 'இரவு 9 மணிக்கு'. மூலையில் கட்டைவிரல் அளவு மயில் அச்சு. படம் அவ்வளவுதான், மிச்சமெல்லாம் எழுத்து. பின்பக்கம் தோட்டத்துக் கடைப் பற்று, தாத்தாவின் பென்சிலில்: கருவாடு, மண்ணெண்ணெய், பாக்கி 3 வெள்ளி.

"கிழிஞ்ச தாளு, பேனர்ல எடுபடாது" என்றார்கள். அப்புறம், "இது மதுரை நோட்டீஸ், நம்ம ஊரு இல்லையே." சரி. பாரிஸ் பேராக்கில் எந்தப் பக்கம் இருக்கிறது?

'பார்சி நாடகக் கம்பெனிக்காரர்களிடம் சீன் திரையெல்லாம் வாங்கியவர்கள்தானே நாம்?' என்று ஒருவர் கேட்டிருந்தார். வாங்கினோம். வாங்கியதை வைத்து வள்ளியை மேடையேற்றினோம், பெர்ன்ஹார்டுக்குப் பொட்டு வைக்கவில்லை. இதற்குமேல் அவருக்குப் பதில் கிடையாது.

'சின்னப் பிள்ளைகள் ஆசையாகச் செய்கிறார்கள், குறை சொல்லாதீர்கள்' என்பவர்களுக்கு: அந்தப் பேனருக்கு 200 வெள்ளி கொடுத்தவன் நான். சுமையெடுக்கச் சொன்னாலும் வந்திருப்பேன். தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்தை, அந்த வரிசை வீடுகளை, இடித்துச் செம்பனை நட்டபோது வீட்டுச் சாமானில் பாதி போனது. இந்த நோட்டீஸ் இருந்த தகரப்பெட்டியை மட்டும் அம்மா மடியில் வைத்துக்கொண்டே லாரியில் வந்தாள். அதிலிருந்து எடுத்துப்போன தாளை மேசை விளிம்பில் தள்ளி வைத்துவிட்டு, மேலே தேத்தண்ணிக் குவளையை வைத்தார்கள். மயிலைச் சுற்றி இப்போது ஒரு வட்டக் கறை.

'அதிகப்பிரசங்கி' என்று உள்பெட்டியில் எழுதிய பெரியவருக்கு நன்றி. சனிக்கிழமை நாடகத்துக்கு வருவேன். 200 வெள்ளிக்கு ரசீது இன்னும் வரவில்லை, அதையாவது அன்றைக்குக் கொடுங்கள்.