ஸ்லோ ஜெட்டில் விட்ட கம்பி

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றில் 9ஆவது வளைவில், ஆக்சிலேட்டரைச் சற்றே தளர்த்தியதும் என் வண்டி அணைந்துவிட்டது. சோக்கை இழுத்துப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டினால் ஓடியது, விட்டால் நின்றது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரில், ஆக்சிலேட்டரைத் தளர்த்தியிருக்கும்போது பெட்ரோல் வரும் பித்தளைத் துளைதான் ஸ்லோ ஜெட்; அது அடைத்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தத் துளையைச் சுத்தம் செய்யக் கால் மணி நேரம் போதும். ஆனால், புறப்படுவதற்கு முந்தைய நாள் சர்வீஸ் செய்து தந்த பட்டறைக்காரர், கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்து ஸ்க்ரூக்களைத் தலை மழுங்கும்வரை முறுக்கி வைத்திருந்ததால், அவற்றைக் கழற்றவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. உள்ளே டேங்கின் துருப்பொடி செம்மண் குழம்பைப் போலப் படிந்திருந்தது. ஜெட்டின் வாயிலோ, கம்பியை விட்டுக் குடைந்த புதுக் கீறல் மின்னியது. பித்தளை மென்மையானது, இரும்புக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி, பெட்ரோல் அளவு கூடி, மைலேஜ் குறைந்து, பிளக்கும் கரி பிடிக்கும் என்பதைத் தொழில் செய்பவர் அறியாமல் இருக்கலாமா? காற்றடித்து ஊதியிருந்தாலே போதுமே! அவர் வாங்கிய கூலியைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. இருட்டும் நேரத்தில், மலைச்சாலை ஓரத்தில், மனைவி அலைபேசி வெளிச்சம் பிடிக்க, பெட்ரோல் நாறும் ஜெட்டை நான் வாயால் ஊத வேண்டி வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.