பிளாக்கர் கேட்டு வருகிறவளை ஏன் காக்க வைக்கிறீர்கள்?

போன வாரம், என்னைப் போலவே திருநங்கையான ஒரு தங்கச்சி இன்பாக்ஸில் வந்தாள். வயது 22. மனநல மருத்துவர் தரும் சான்றிதழ் கையில் வந்தால்தான் ஹார்மோன் மருத்துவரைப் பார்க்கவே விடுவார்களாம். அதற்கே இன்னும் மூன்று மாதம் ஆகுமாம். "அக்கா, அதுவரைக்கும் பிளாக்கர் மட்டுமாவது கிடைக்குமா? தினமும் சீப்புல வர்ற முடியைப் பாக்க முடியலக்கா" என்று எழுதியிருந்தாள். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுகொண்டே போனதால் இங்கேயே போடுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் சுரப்பதையோ, சுரந்தது உடம்பில் வேலை செய்வதையோ தடுக்கிற மருந்துகளைத்தான் பிளாக்கர் என்கிறோம். ஸ்பைரோனோலாக்டோன், சைப்ரோடிரோன், பைகலூடமைடு என்று பல உண்டு. ஊசியும் உண்டு, விலை அதிகம். உடைந்த குரலை இவை திருப்பித் தராது. முளைத்த தாடியை அழிக்காது. நெற்றி மேலே ஏறுவது, உடம்பில் முடி அடர்வது இதெல்லாம் மேலும் போகாமல் தடுக்கும். எங்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

எனக்கு 24 வயதில் நடந்ததைச் சொல்கிறேன். சென்னையில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். வேலையில் இருந்தேன், சொந்தச் சம்பளம், சொந்த வாடகை. "அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த முறை போனால் வேறு மருத்துவர், முதலிலிருந்து அதே கேள்விகள். இப்படியே ஏழு மாதம் ஓடியது. அந்த ஏழு மாதத்தில் என் நெற்றியின் இரண்டு ஓரமும் ஏறிவிட்டன. அங்கே போன முடி இன்றுவரை வரவில்லை. 'கொஞ்சம் பொறுத்திருங்க' என்று சொல்கிறவர்கள் அந்த நேரத்தில் எதுவும் நடக்காது என்று நினைக்கிறார்கள். நாங்கள் பொறுத்திருக்கலாம், டெஸ்டோஸ்டிரோன் பொறுத்திருக்காது.

அதே வருடம் என் சித்தி மகளுக்குத் தாடையில் முடி வளர்ந்தது, பிசிஓடி என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை. தோல் மருத்துவரிடம் போனாள். பத்து நிமிடத்தில் ஸ்பைரோனோலாக்டோன் எழுதிக்கொடுத்தார். அப்பா அம்மாவைக் கேட்கவில்லை, மனநலச் சான்றிதழ் கேட்கவில்லை. சித்தி வீட்டு ஃபிரிட்ஜ் மேல் அந்த மாத்திரை அட்டை கிடந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நான் ஏழு மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருந்த அதே மாத்திரை. அவளுக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு மட்டும் இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

சரி, இதில் பயப்பட எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. அதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை.

ஸ்பைரோனோலாக்டோன் அடிப்படையில் சிறுநீரைப் பெருக்கும் மருந்து. இதயம் பலவீனமானவர்களுக்கும், கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் கொடுப்பது. இது பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்க வைக்கும். பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பே தடம் மாறும். அதனால்தான் தொடங்குவதற்கு முன்பும், தொடங்கிய பின் அவ்வப்போதும் சிறுநீரகம், பொட்டாசியம் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். சில பிபி மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து கூடும். மே மாத வெயிலில் நாளுக்கு மூன்று இளநீர் குடிக்கிற ஊர் இது. இளநீரில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது என்று எனக்கு எந்த மருத்துவரும் சொல்லவில்லை, ஒரு நர்ஸ் அக்காதான் சொன்னார்.

இன்னொன்று, இந்த மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீர் வரும். எங்களுக்கு எந்தக் கழிப்பறை? ஆண்கள் பக்கம் போனால் ஒரு பயம், பெண்கள் பக்கம் போனால் வேறொரு பயம். அலுவலகம் போய்த் திரும்புகிற வரை தண்ணீரே குடிக்காமல் இருந்த நாட்கள் எனக்கு உண்டு. ரயில் ஏறும் முன் பாட்டிலைத் திறந்து, வாயை மட்டும் நனைத்து மூடிவிடுவேன். நீரை வெளியேற்றுகிற மாத்திரையும் போட்டு, சென்னை வெயிலில் தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகம் என்ன ஆகும்? ஒருநாள் பார்க் ஸ்டேஷன் படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். "தண்ணீர் குடிக்க முடிகிறதா, போக இடம் இருக்கிறதா" என்ற கேள்வியை மருத்துவர்கள் கேட்க வேண்டும். என்னை யாரும் கேட்டதில்லை.

அப்புறம், பிளாக்கரை மட்டும் வருடக்கணக்கில் ஓட்டக் கூடாது. டெஸ்டோஸ்டிரோனும் இல்லை, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனும் இல்லை என்றால் எலும்பு மெலியும், உடம்பு சோர்ந்துபோகும், திடீர் திடீரென்று சூடேறி வியர்க்கும். பிற்காலத்தில் குழந்தை வேண்டும் என்கிற எண்ணம் இருந்தால், விந்தணுவைச் சேமிப்பது பற்றித் தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும். தங்கச்சி, உனக்கும் இதைத்தான் சொல்கிறேன். இது இடைக்காலத்துக்கு மட்டும்தான்.

ஆனால் இந்த ஆபத்துகளில் எதைச் சான்றிதழ் தடுக்கிறது? பொட்டாசியத்தைக் காட்டுவது ரத்தப் பரிசோதனை. எலும்பைக் காப்பது, குறித்த காலத்தில் ஈஸ்ட்ரோஜன் தொடங்குவது. மருத்துவர் கதவை மூடினால் நாங்கள் சும்மா வீட்டுக்குப் போய்விடுவோம் என்று யாரும் நம்ப வேண்டாம். மெடிக்கல் ஷாப்புக்குப் போவோம். சீட்டே இல்லாமல் பிசிஓடி மாத்திரை கிடைக்கும், கருத்தடை மாத்திரை கிடைக்கும். சைப்ரோடிரோன் கலந்த அந்த பிசிஓடி மாத்திரையில் எத்தினைல் ஈஸ்ட்ராடியோல் என்கிற செயற்கை ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. ரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால் எங்கள் சிகிச்சைக்கு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட மருந்து அது. சீக்கிரம் மாற்றம் வரட்டும் என்று நாளுக்கு மூன்று, நான்கு போடுகிறவர்களை எனக்குத் தெரியும். என் தோழி ஒருத்திக்கு இடது கால் தூண் மாதிரி வீங்கி, கடைசியில் அவசரப் பிரிவில்தான் போய்ப் படுத்தாள். அவளும் முதலில் மருத்துவரிடம்தான் போனாள். காத்திருக்கச் சொன்னார்கள்.

வியாசர்பாடியில் எனக்கு ஓர் அம்மா இருக்கிறார், திருநங்கைகள் கூடி வாழும் எங்கள் ஜமாத்தில் மூத்தவர். மருத்துவர் இல்லாமல், தாயம்மா என்கிற மூத்த திருநங்கை கையால் நிர்வாணம் ஆனவர், அதாவது ஆணுறுப்பை அறுத்து நீக்கிக்கொண்டவர். முதல் தடவை பிளாக்கர் கையில் வந்ததும் அவரிடம்தான் காட்டினேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தப் போட்டா அது அடங்கிடுமா? வேணாம்னா நிறுத்திக்கலாமா?" என்று கேட்டார். நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "எங்களுக்குக் கத்தி ஒண்ணுதான் இருந்துச்சு, கண்ணு" என்றார்.

2008லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் இது. 2019ஆம் ஆண்டு திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஹார்மோன் சிகிச்சையை அரசு தர வேண்டிய வசதிகளில் ஒன்றாகவே எழுதியிருக்கிறது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் எங்களுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்த ஊரில் நான் கேட்பது சின்ன விஷயம்தான். 18 வயது தாண்டி, புரிந்து, கேட்டு வருகிறவளுக்கு முதல் நாளே ரத்தப் பரிசோதனை எழுதுங்கள். முடிவு சரியாக இருந்தால் பிளாக்கரைத் தொடங்குங்கள். மனநல மருத்துவரோடு பேசுவது பக்கத்திலேயே நடக்கட்டும், நானும் பேசினேன், எனக்கு அது உதவியது. ஈஸ்ட்ரோஜன் எப்போது என்று ஒரு தேதியைச் சீட்டிலேயே எழுதிக்கொடுங்கள்.

தங்கச்சி, மெடிக்கல் ஷாப் பக்கம் போகாதே. வியாழக்கிழமை நான் லீவு போட்டிருக்கிறேன், சேர்ந்தே போகலாம். பழைய ரிப்போர்ட் எது இருந்தாலும் எடுத்துக்கொள். தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு வா, நன்றாகக் குடி. கழிப்பறைக்கு நான் கூட வருகிறேன்.