ஒலிவாங்கியைப் பறித்துக்கொண்டு பொறுப்புடைமை பேச முடியாது

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டீர்கள். யாரோ கைப்பேசியில் எடுத்த காணொளித் துண்டையும் பார்த்திருப்பீர்கள். எனவே நடந்ததை முழுதாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. அரங்கில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசியலமைப்பையும் அரசின் பொறுப்புடைமையையும் பற்றிய கூட்டத்தில், கேள்வி கேட்க எழுந்த ஒரு பெண்மணியிடம் "நீங்கள் எந்த அமைப்பு?" என்று மேடையிலிருந்து கேட்டது தவறு. தம் ஊராட்சியின் தணிக்கை அறிக்கையைப் பற்றி அவர் பேசத் தொடங்கியதும் "உள்ளூர்ப் பிரச்சினை வேண்டாம், தலைப்பையொட்டிக் கேளுங்கள்" என்று சொல்லி ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டது அதைவிடப் பெரிய தவறு.

அன்றைய சிறப்புரை மிகச் சிறப்பாக இருந்தது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 1973 ஏப்ரல் 24 அன்று 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், நாடாளுமன்றத்தால் கைவைக்க முடியாத அடிப்படைக் கட்டமைப்பு அரசியலமைப்பில் உண்டு என்று கேசவானந்த பாரதி வழக்கில் சொன்ன வரலாற்றைப் பேச்சாளர் விரிவாக எடுத்துரைத்தார். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை வைத்துக்கொண்டு ஆளுநர் மௌனம் காக்கலாமா என்ற கேள்வியை அரசியலமைப்பின் 200ஆவது பிரிவை முன்வைத்து விளக்கினார். கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கைகளை நாடாளுமன்றத்தின் முன்பும் சட்டமன்றங்களின் முன்பும் வைக்கச் சொல்லும் 151ஆவது பிரிவு ஏன் மக்களாட்சியின் உயிர்நாடி என்றும் சொன்னார். கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

அந்தப் பெண்மணி கேட்க வந்ததும் அதே 151ஆவது பிரிவின் கேள்விதான். அதைத் தம் ஊரின் அளவில் கேட்டார், அவ்வளவே. ஊராட்சிகளைப் பற்றிய, அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளும் ஓர் ஏப்ரல் 24தான். கேசவானந்த பாரதி தீர்ப்புக்குச் சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, 1993இல். கிராம சபை என்ற அவைக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 243அ பிரிவு அந்த நாளில் உயிர்பெற்றது. ஊராட்சியின் வரவு செலவும் தணிக்கை அறிக்கையும் கிராம சபையின் முன் வரவேண்டியவை என்பது 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஏற்றுக்கொண்ட நெறி. ஆக, ஓர் ஏப்ரல் 24ஐப் பற்றி ஒன்றரை மணி நேரம் கேட்ட அரங்கில், இன்னோர் ஏப்ரல் 24ஐப் பற்றிப் பேச ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை. அது தலைப்புக்குள் வராது என்று யார் முடிவு செய்தது?

"எந்த அமைப்பு" என்று கேட்டதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவு, தகவல் கேட்பவரிடம் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் கேட்கக் கூடாது என்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு எழுதும் எவரும் தம்மை நியாயப்படுத்திக்கொள்ளத் தேவையில்லை. அரசு அலுவலகமே கேட்கக் கூடாத கேள்வியை, அரசைக் கேள்வி கேட்கக் கற்றுத்தரும் மேடை கேட்டிருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறாய் என்று நேற்றே இரண்டு நண்பர்கள் கேட்டார்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பெரியம்மா எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். ஓர் அக்டோபர் 2 கிராம சபையில், மேல்நிலைத் தொட்டியின் மோட்டாரைப் பழுது பார்த்ததாக எழுதியிருந்த செலவைப் பற்றி எழுந்து கேட்டார். அந்த மோட்டார் ஓடாமல் தெருவே குடத்தோடு அலைந்ததை அவர் அறிவார். "உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா, உட்காருங்க" என்றார் அங்கிருந்த அலுவலர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியம்மா அதற்குப் பின் கிராம சபைக்குப் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்மணி தம் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது எனக்குப் பெரியம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அலுவலர் அப்படிப் பேசினால் புரிந்துகொள்ள முடிகிறது. நம்மவர்களும் அப்படிப் பேசினால் எங்கே போய்ச் சொல்வது?

நேரம் இல்லை என்றார்கள் அமைப்பாளர்கள். அரங்கை எட்டு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது. கேள்வி என்ற பெயரில் சிலர் நீண்ட உரை நிகழ்த்துகிறார்கள் என்ற குறை நியாயமானது. நானும் அதில் சலித்திருக்கிறேன். அதற்கு நேர வரம்பு வைக்கலாம். அவர் பேசியது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளூர் விவகாரம் வேறு, அரசியலமைப்புச் சட்டம் வேறு என்பவர்களுக்கு ராஜஸ்தானை நினைவூட்டுகிறேன். 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமத்தில் தொழிலாளர், உழவர் அமைப்பான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் நடத்திய மக்கள் விசாரணையில் ஊர்ப் பணிகளின் கணக்குகளை ஊராரின் முன் உரக்கப் படித்தார்கள். வேலை செய்யாதவர்களின் பெயரில் கூலி எழுதியிருந்ததை அந்த மக்களே எழுந்து சொன்னார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்ற அவர்களுடைய முழக்கம் வளர்ந்து 1996இல் பியாவரில் நாற்பது நாள் தர்ணாவானது, 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமானது. கூலிப் பட்டியலைப் பார்க்கக் கேட்டவர்களிடம் "உள்ளூர்ப் பிரச்சினை வேண்டாம்" என்று அன்று எல்லோரும் சொல்லியிருந்தால், இன்று நாம் மேடையில் பெருமையோடு சுட்டுவதற்கு அந்தச் சட்டமே இருந்திருக்காது.

"நல்லது செய்பவர்களை நீயே குறை சொன்னால் எதிர்த்தரப்புக்குத்தானே இலாபம்" என்பதுதான் என்னை மிகவும் வருத்திய மறுப்பு. இந்த அமைப்பின் கூட்டங்களுக்கு நாற்காலி போட்டவன் நான். துண்டறிக்கை கொடுத்தவன் நான். என்னிடம் இதைச் சொல்ல எப்படி மனம் வந்தது? 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டி நாடாளுமன்றத்தில் கேள்வி நேரத்தை நிறுத்தியபோது, எழுத்துமூலம் பதில் தருகிறோமே என்றார்கள் ஆட்சியாளர்கள். அமைச்சர் எழுந்து நின்று துணைக்கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு அது ஈடாகாது என்று நாம் கண்டித்தோம். அன்று நாம் கண்டித்தது சரி. இன்று "மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள், பதில் தருகிறோம்" என்று நம் அமைப்பாளர்களே சொல்கிறார்கள். அன்றைக்கு ஏற்காத விடையை இன்றைக்கு மட்டும் நான் எப்படி ஏற்பேன்? நம் மேடைக்குப் பொருந்தாத நெறியை ஆளுநரிடமும் அமைச்சரிடமும் எந்த முகத்தோடு கேட்பது?

பேச்சாளர் மீது எனக்குக் கோபம் குறைவு. ஆனால் அவரும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "அவர் கேட்கட்டும்" என்று அவர் சொல்லியிருந்தால் மறுக்க அங்கே யாருக்கும் துணிவு இருந்திருக்காது.

நேற்றிரவு அமைப்பின் பக்கத்தில் கூட்டத்தின் காணொளி ஏறியிருக்கிறது. உரை முழுதும் இருக்கிறது, வாழ்த்துரைகள் இருக்கின்றன, பொன்னாடை போர்த்துவதும் இருக்கிறது. அந்தப் பெண்மணி எழுந்து நின்றதிலிருந்து உட்கார்ந்தது வரையிலான பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, நேராக நன்றியுரைக்குப் போகிறது. அரசு ஓர் அறிக்கையில் பக்கங்களை நீக்கினால் நாம் என்ன சொல்வோமோ, அதையே இதற்கும் சொல்கிறேன். வெட்டாத பதிவை ஏற்றுங்கள். அவரை அழைத்து, அவர் ஊராட்சியின் தணிக்கை அறிக்கையைக் கேட்டுப் பெறும் வழியை நம் வழக்கறிஞர்களில் ஒருவர் உட்கார்ந்து எழுதித்தர ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தின் அழைப்பிதழை அச்சுக்கு அனுப்பும்முன், கேள்வி நேரம் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பதை அதில் போடுங்கள்.