ரெண்டு நாள் வேலைதானே!

சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் ஏன் சொன்ன தேதிக்கு முடிவதில்லை என்ற பேச்சு எழுந்தாலே யாராவது ஒருவர் வீடு கட்டும் கதைக்கு வந்துவிடுவார். "மேஸ்திரி நாள் சொல்லிக் கட்டித் தரலையா? உங்களுக்கு மட்டும் என்ன?" மேஸ்திரி சொன்ன நாளில் முடித்த வீடு எது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரே பிளானில் பத்து வீடு கட்டினால் பத்தாவது வீட்டுக்கும் செங்கல் அடுக்கித்தான் ஆக வேண்டும். ஒன்பது கட்டிய அனுபவத்தில் கண்ணை மூடிக்கொண்டு நாள் சொல்லிவிடலாம். எங்கள் தொழிலில் ஏற்கெனவே எழுதியதை யாரும் மறுபடி எழுதுவதில்லை, காப்பி எடுத்துக்கொள்கிறோம். ஆகவே கையில் மிஞ்சுவது எப்போதும் இதுவரை செய்யாத வேலைதான். அதற்குத்தான் தேதி கேட்கிறார்கள்.

ஓர் உதாரணம். "உறுப்பினர் பட்டியலில் தமிழில் பேர் அடித்துத் தேட வேண்டும்." ஒரு வாடிக்கையாளர் கேட்டது இவ்வளவுதான். யாரைக் கேட்டாலும் ரெண்டு நாள் என்பார்கள். தேடும் கட்டம் மதியத்துக்குள் திரையில் வந்தும்விட்டது. சோதித்துப் பார்த்தவர் 'கோமதி' என்று அடித்தார். அப்படி ஆளே இல்லை என்றது. பட்டியலைத் திறந்தால் கோமதி கண்ணெதிரே இருக்கிறார்.

விஷயம் என்னவென்றால், கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுத்து வைத்திருக்கும் பொது முறையான யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று எனத் தனித்தனியாகவும் சேர்க்கலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. பழைய தரவு ஏதோ ஒரு காலத்து ஃபான்டில் அடிக்கப்பட்டு, ஏதோ ஒரு கன்வெர்ட்டர் வழியாக யூனிகோடுக்கு வந்தது. அது கொம்பையும் காலையும் பிரித்தே வைத்திருந்தது. சரிசெய்ய ப்ரோகிராமில் ஒரே ஒரு வரி போதும். அந்த வரிதான் தேவை என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விட்டது.

அப்புறம் ஸ்ரீதேவி வந்தார். 'ஸ்ரீ'யை ஸகரம் வைத்தும் எழுதலாம், 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ஶகரம் வைத்தும் எழுதலாம். பல ஃபான்டுகளில் ஒரே உருவம். கோமதியை மீட்டுத் தந்த வரி இங்கே எடுபடாது. அடுத்து அகரவரிசை. குறியீட்டு எண்படி விட்டால் மல்லிகாவுக்குப் பின்னால் வர வேண்டிய மனோகரன் முன்னால் வந்து நிற்பார், யூனிகோடில் னகரம் நகரத்துக்கு அடுத்தே இருப்பதால். அதையும் சரிசெய்து காட்டினால், "இனிஷியலை விட்டுட்டு வரிசைப்படுத்துங்க" என்றார்கள். நியாயமான பேச்சு. ஆனால் பட்டியலில் 'மு. கோமதி'யும் உண்டு, 'கோமதி மு'வும் உண்டு, புள்ளியே இல்லாத 'மு கோமதி'யும் உண்டு. யாரும் எதையும் மறைக்கவில்லை. திரையில் பார்க்கும்வரை அவர்களுக்கே அது தோன்றவில்லை.

"ரெக்கொயர்மென்ட்டை ஒழுங்கா எழுதியிருந்தா இந்த வம்பே இல்லை" என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. இத்தனையையும் முன்கூட்டியே எழுதித் தருமளவு தெரிந்தவர், பாதி வேலையை அங்கேயே முடித்துவிட்டார் என்று அர்த்தம்.

மனித மனமும் இதற்கு ஒத்து ஊதுகிறது. ரோஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும் 1994-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால்? 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். அந்தப் படுமோசமான கணக்கும் போதவில்லை.

பெரிய அளவில் நடந்தால் ஊரே பார்க்கும். அமெரிக்காவின் டென்வர் விமான நிலையம் 1993 அக்டோபரில் திறந்திருக்க வேண்டியது. பயணிகளின் பெட்டிகளைக் கம்ப்யூட்டரே வழிநடத்தி விமானம்வரை கொண்டுசேர்க்கும் அமைப்பு சொன்னபடி கேட்கவில்லை. அந்த அளவில் அப்படி ஒன்றை அதற்கு முன் யாரும் செய்ததில்லை. 1994-ல் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டியபோது பெட்டிகள் பிய்ந்து துணிமணி சிதறியது. நிலையம் திறந்தது 1995 பிப்ரவரி 28. அந்த அமைப்பை 2005-ல் ஒரேயடியாகக் கைவிட்டார்கள்.

இழுக்கிறது என்று தெரிந்ததும் மேலிடம் செய்யும் முதல் காரியம் ஆள் சேர்ப்பது. ஐபிஎம்-மின் ஓஎஸ்/360 என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான ப்ராஜெக்டில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று 1975-லேயே எழுதிவிட்டார். 5 பேர் ஒருவரோடொருவர் பேச 10 ஜோடி, 10 பேர் என்றால் 45 ஜோடி. புதிதாக வந்தவருக்கு கோமதி கதையைச் சொல்ல, அதைக் கண்டுபிடித்தவரே வேலையை விட்டு எழுந்து வர வேண்டும்.

இதையெல்லாம் விட எனக்கு எரிச்சலூட்டுவது அந்த எண் பயணப்படும் விதம். "ரெண்டு நாள் ஆகலாம், பழைய டேட்டாவைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்பான் புரோகிராமர். மேனேஜர் காதில் ரெண்டு நாள் மட்டும் விழும். வாடிக்கையாளரிடம் போகும்போது அது புதன்கிழமையாகியிருக்கும். அடிபட்டவன் அடுத்த முறை நாலு நாள் என்பான். அவன் சேர்த்துச் சொல்வான் என்று தெரிந்த மேனேஜர் பாதியாக்குவார். திரும்ப ரெண்டு நாள்.

என்னைக் கேட்டால், தேதி சொல்வதற்கு முன் அசல் டேட்டாவை வைத்து நோண்டிப் பார்க்கக் கொஞ்ச நாள் தர வேண்டும். அதன்பிறகு சொல்லும் தேதியும் தப்பும், ஆனால் இந்த அளவுக்குத் தப்பாது. எந்த மீட்டிங்கில் சொன்னாலும் எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்தக் கொஞ்ச நாளுக்கு யார் பில் போடுவது என்ற கேள்வி வந்ததும், "சரி, நேரா வேலையை ஆரம்பிச்சிடலாம்" என்று எழுந்துவிடுவார்கள்.