தேரை மட்டுமல்ல, வடம் பிடிப்பவர்களையும் எடுங்கள்

மாசி பிறந்துவிட்டால், இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்து நண்பர்களின் பக்கங்களில் தேர்ப்படங்கள் குவியத் தொடங்கிவிடும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் வீதிவலம் வருகின்றன. அன்றைய படங்களைப் பார்த்தால், பெரும்பாலானவை கூட்டத்தின் தலைகளுக்கு மேலே போனை உயர்த்தி எடுத்த, கலசம் முதல் சில்லு வரை அடங்கிய ஒரே படமாகவே இருக்கின்றன. தேர் அடுத்த ஆண்டும் அதே இடத்திலிருந்து அதே அலங்காரத்தோடு புறப்படும். அதன் வடத்தைப் பிடித்திருக்கும் கைகளும் முகங்களும் அப்படியே இருக்கப் போவதில்லை என்பதால், கெமரா முதலில் அவர்கள் பக்கமே திரும்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதை அழகியல் விருப்பமாக மட்டும் நான் சொல்லவில்லை. உல்லாசப் பயண விளம்பரங்களில் நம் மக்கள் தேயிலைக் கொழுந்துக் கூடையோடும் புன்னகையோடும் மட்டுமே தோன்றுகிறார்கள். திருவிழா நாளில்தான் அதே பெண் தான் தேர்ந்தெடுத்த சேலையில், தலை நிறையப் பூவோடு, கொழும்பிலிருந்து விடுமுறையில் வந்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தன் விருப்பப்படி நடந்து வருகிறாள். உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில் காலமாகி, பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் எடுத்த விஞ்ஞானி டார்வினையும் கவிஞர் டெனிசனையும் பெயரோடு அறிகிறோம்; இலங்கையில் அவர் எடுத்த எளிய மக்களில் பெரும்பாலோருக்குப் படத்தில் முகம் இருக்கிறது, பெயர் இல்லை. அந்தக் குறையை இனியும் தொடர நாம் இடம் கொடுக்கக்கூடாது.

நல்ல படம் வேண்டுமானால் விடியற்காலையிலேயே போய்விடுங்கள். ஆற்றங்கரையில் கரகத்தை அலங்கரித்துப் பாலிக்கும்போது வேப்பிலையையும் பூவையும் கட்டும் விரல்கள், தீச்சட்டி எடுக்கப்போகும் அக்காவுக்கு மஞ்சள் நீர் ஊற்றும் அம்மா, அலங்காரம் முடிந்தும் அசையாமல் நிற்கும் காவடிக்காரர் எல்லாம் ஊர்வலம் புறப்படுவதற்கு முன்பே கிடைக்கும் காட்சிகள். தப்பு என்ற பறையை அடிக்கும் தப்புக்காரர்கள் அதன் தோலை இறுக்குவதற்காகத் தாளும் வைக்கோலும் கொளுத்தித் தப்பை வாட்டும் நேரத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள். தப்பை நெருப்பின் மேல் மெல்லச் சுழற்றுவதும், விரல் நுனியால் தட்டுவதும், தலையைச் சாய்த்துக் காது கொடுப்பதும், போதாதென்று மீண்டும் வாட்டுவதுமாக இருக்கும் அந்த முகத்தின் மேல் கீழிருந்து விழும் வெளிச்சத்தை எந்த ஸ்டூடியோவாலும் தர முடியாது. தூரத்திலிருந்து ஸூம் செய்யாமல், பேசிப் பழகி, அனுமதி கேட்டு, இரண்டு மூன்று அடி தூரத்தில் குந்தியிருந்து எடுங்கள்.

தொழில்நுட்பத்தில் மலைக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. பனிமூட்டம் இறங்கினால் கெமரா அந்த வெண்மையைச் சாம்பல் நிறமாகக் கணித்துப் படத்தை இருட்டாக்கிவிடும். ஆகவே எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு படி கூட்டிவையுங்கள். மின்விளக்குத் தேரை வேகமான ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழலாம். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் 1/50 அல்லது 1/100 வினாடியில் வைத்தால் பெரும்பாலும் தப்பலாம். மலையகத்தில் இரவெல்லாம் நடக்கும் காமன் கூத்து என்ற நாட்டுக்கூத்தில் ரதியும் மன்மதனும் தீவெட்டி வெளிச்சத்தில் ஆடும்போதும், யானைகள் வரும் கண்டி எசல பெரஹெரா ஊர்வலத்தில் கொப்பரைத் தீப்பந்தங்கள் கடந்து போகும்போதும், கெமராவின் ஒளியுணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 3200 வரை ஏற்றி, தீச்சுவாலை வெளுத்துப் போகாதபடி எக்ஸ்போஷரைச் சற்றுக் குறையுங்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம். அது நெருப்பின் நிறத்தைக் கொன்றுவிடும், பக்கத்தில் வரும் யானையையும் மிரட்டும்.

போன்களில் உள்ள அழகூட்டும் வசதியைத் தயவுசெய்து அணைத்துவிடுங்கள். வெயிலிலும் மழையிலும் நின்ற நம்மவர்களின் கறுத்த மேனியை அது வெளுப்பாக்கி, நெற்றிச் சுருக்கங்களை அழித்து, யாரோ ஒருவரை உண்டாக்கி நம்மிடம் நீட்டுகிறது. கறுப்பு முகத்தின் மேல் திரையைத் தொட்டு வெளிச்சத்தை அதற்கேற்பச் சரிசெய்தாலே போதும். பின்னணி வானம் வெளுத்துப் போனால் போகட்டும்.

அருள் வந்து ஆடுபவர்களைப் படமெடுப்பதில்தான் எனக்கு மிகுந்த மனவருத்தம் உண்டு. கூந்தல் அவிழ்ந்து, சேலை நழுவுவது தெரியாமல் ஆடும் ஒரு பெண்ணைச் சுற்றிப் பத்துப் போன்கள் நீள்வதும், அன்றிரவே அந்தக் காணொளி கேலிச் சிரிப்புகளோடு ஊரைச் சுற்றுவதும் பக்தியும் ஆகாது, கலையும் ஆகாது. அந்த நேரத்தில் அருகிலிருந்தால் கெமராவைத் தாழ்த்துங்கள். மறுநாள் அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும், தூரத்திலிருந்து எடுத்த ஒன்றைப் பகிருங்கள். அலகு குத்தும் சிறுவர்களைப் பொறுத்தவரை, பெற்றோர் சம்மதித்தாலும் நான் பகிர்வதில்லை.

எடுத்த படங்களில் சிலவற்றையாவது அச்சிட்டு, பின்புறத்தில் பெயர், தோட்டம், தோட்டத்தின் பிரிவான டிவிசன், ஆண்டு ஆகியவற்றை எழுதி, உரியவர்கள் வாழும் லயத்துக்கே (தோட்டத்து வரிசை வீட்டுக்கே) கொண்டுபோய்க் கொடுங்கள். பல வீடுகளில் தாத்தா பாட்டிக்கு அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறு படமே இல்லை. இறந்தபின் மாலை போடுவதற்கும் அதைத்தான் பெரிதாக்குகிறார்கள். இந்த ஆண்டுத் தேருக்குப் போகிறவர்கள், வடத்தின் அருகே நிற்கும் முதியவர்களிலிருந்து தொடங்குங்கள்.