கெண்ட் நகரத்துச் செம்மறியின் கண்கள்

2020 ஜனவரியில், பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்துப் பலிபீட ஓவியத்தில் உள்ள செம்மறியின் முகம் உலகம் முழுவதும் கேலிக்கு ஆளானது. சீரமைப்புக்கு முந்தைய முகத்தையும் பிந்தைய முகத்தையும் அருகருகே வைத்து, நல்ல ஓவியத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று பலரும் எழுதினார்கள். அந்தப் படம் இன்றும் யாராவது ஒருவர் பகிர்ந்து என் கண்ணில் படுகிறது. ஒவ்வொரு முறையும் மனம் வருந்துகிறது. ஏனெனில், கெட்டுப்போனது என்று அவர்கள் காட்டும் முகம்தான் 1432-இல் மக்கள் கண்ட முகம். அழகானது என்று அவர்கள் நினைக்கும் சாதுவான முகம், நூறாண்டுக்கும் மேல் கழித்து வேறொருவர் அதன்மேல் பூசியது.

ஓக் மரப் பலகைகளில் எண்ணெய் வண்ணத்தால் வரையப்பட்ட இந்தப் பெரும் ஓவியத்தை ஹூபர்ட் வான் ஐக் தொடங்கினார்; 1426-இல் அவர் இறந்தபின் தம்பி யான் வான் ஐக் முடித்தார். யோஸ் வைட், அவருடைய மனைவி எலிசபெத் போர்லூட் ஆகிய இருவரும் தங்கள் சிற்றாலயத்துக்காகச் செய்வித்தது இது. அந்தச் சிற்றாலயம் இருக்கும் கோவில் இன்று புனித பாவோ பேராலயம். கீழ் வரிசையின் நடுப் பலகையில், பசும்புல்வெளிக்கு நடுவே ஒரு பலிபீடம். அதன்மேல், இயேசுவைக் குறிக்கும் செம்மறி நிமிர்ந்து நிற்கிறது. மார்பிலிருந்து பீறிடும் இரத்தம் கிண்ணத்தில் விழுகிறது. சுற்றிலும் 14 வானதூதர்கள்.

1550-ஆம் ஆண்டளவில் இந்தத் தலை முழுவதுமாக மேற்பூச்சுக்குள் மறைந்தது. நெற்றி அகன்றது, கண்கள் பக்கவாட்டுக்கு நகர்ந்தன, காதுகள் மேலே ஏறின. பார்வை யார்மீதும் படாத ஓர் ஆடு அங்கே நின்றது. 1951-இல் பால் கோர்மான்ஸ் தலைமையில் நடந்த சீரமைப்பில், தலையைச் சுற்றியிருந்த மேற்பூச்சின் ஒரு பகுதி அகற்றப்பட்டபோது பழைய காதுகள் வெளிப்பட்டன. ஆனால் முகத்தின் மேற்பூச்சு அப்படியே விடப்பட்டதால், ஏறத்தாழ 70 ஆண்டுகள் அந்தச் செம்மறி நான்கு காதுகளோடு நின்றது. அதைக் கண்டு சிரிக்காத உலகம், உண்மையான இரண்டு காதுகள் மட்டும் மிஞ்சியபோது சிரித்தது என்பதுதான் என்னால் ஏற்க முடியாதது.

2012-இல் தொடங்கிய சீரமைப்பில் பெல்ஜியத்தின் அரச கலைமரபு நிறுவனத்தினர் எந்த அவசரமும் காட்டவில்லை. எக்ஸ்கதிர் ஆய்வுகளால் அடுக்குகளைப் பிரித்தறிந்து, பன்னாட்டு வல்லுநர்களோடு கலந்து பேசி, நுண்ணோக்கியின் கீழ்ச் சிறு கத்தியால் மேற்பூச்சைத் துளித்துளியாகச் சுரண்டி எடுத்தார்கள். மேற்பூச்சும் வரலாறுதானே, அதை ஏன் அகற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். அடியில் ஒன்றுமே மிஞ்சாமல் அழிந்திருந்தால் நானும் அவர்கள் பக்கம் நின்றிருப்பேன். ஆனால் மூல ஓவியம் பெரும்பாலும் சேதமின்றி அடியில் இருக்கும்போது, அதைத் திரைக்குப் பின்னால் வைத்துக்கொண்டே வான் ஐக்கின் பெயரைச் சொல்லி மக்களை அழைப்பது எப்படி நேர்மையாகும்?

மனித முகம்போல இருக்கிறதே என்பதுதான் கேலியின் சாரம். அதே பலகையில் புல்லையும் பூவையும் செடிவகை சொல்லும் அளவுக்கு வரைந்த கைக்கு, ஓர் ஆட்டின் முகம் எப்படியிருக்கும் என்று தெரியாதா? கம்பளிச் சுருள்களும் கால் குளம்புகளும் நாம் கண்டு பழகிய ஆட்டினுடையவையே. கண்கள் மட்டும் நேராக நம்மை நோக்குகின்றன. காரணம் பலிபீடத்தின் சிவப்புத் துணி விளிம்பிலேயே பொன் எழுத்துகளில் இருக்கிறது: இதோ இறைவனின் செம்மறி, உலகின் பாவங்களைப் போக்குபவர். தமிழ்நாட்டுக் கத்தோலிக்க ஆலயங்களிலும் திருப்பலி வழிபாட்டில், நற்கருணை அப்பத்தை உயர்த்திப் பிடித்து குரு சொல்லும் அதே சொற்கள்தாம் இவை. சிறுவயதிலிருந்து கேட்ட சொற்கள் என்பதால், அந்த எழுத்துகளை அங்கே கண்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. இந்த ஓவியத்தின் முன்னால் உண்மையான பலிபீடம் இருந்தது. உண்மையான கிண்ணம் உயர்த்தப்பட்டது. மண்டியிட்டவர் தலையை நிமிர்த்தினால், உயர்ந்த கிண்ணத்துக்கு மேலே வரைந்த கிண்ணமும், அதற்கும் மேலே தன்னையே பார்க்கும் இரு கண்களும் தெரியும். அந்தப் பார்வையைத் திருப்பிவிட்டால் வழிபாட்டின் கண்ணி அறுந்துபோகும்.

ஓவியத்தின் மிக நுண்ணிய படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தலையை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பு உதடுகள் இறுக மூடியிருக்கின்றன, மூக்குத் துளைகள் விரிந்திருக்கின்றன. இரத்தம் வழிந்துகொண்டே இருக்கிறது. முகத்திலோ வலியின் சுருக்கம் ஒன்றுகூட இல்லை.