தனிப்பேச்சைப் பற்றி முதலில் யோசித்தவர் ஹாபர்மாஸ் இல்லை

தனிப்பட்ட உரையாடலைச் சமூகக் கோட்பாட்டுக்குள் முதலில் கொண்டுவந்தவர் ஜெர்மன் தத்துவவாதி ஹாபர்மாஸ், அதுவரை பத்திரிகை சொல்வதை மக்கள் அப்படியே விழுங்குவார்கள் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள் என்று ஒரு கருத்து உண்டு. இரண்டுமே தவறு.

மக்கள் கூடிப் பொதுவிஷயங்களை விவாதிக்கும் 'பொதுவெளி' பற்றிய ஹாபர்மாஸின் நூல் 1962இல் வந்தது. அதற்கு அறுபது வருடம் முன்பே, 1901இல் வந்த நூலில், பிரான்சின் சமூகவியலாளர் கப்ரியேல் தார்த் உரையாடலுக்கென்றே நீண்ட கட்டுரை ஒன்றைச் சேர்த்திருக்கிறார்: பத்திரிகை பேசுவதற்கு விஷயம் தருகிறது, ஆனால் வீட்டிலும் நண்பர்கள் நடுவிலும் எந்த உடனடிப் பயனும் கருதாமல் பேசும் பேச்சில்தான் அது கருத்தாகத் திரள்கிறது என்பது அவர் வாதம்.

அப்புறம் அமெரிக்கா. 1940 அதிபர் தேர்தலின்போது சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டின் குழு ஒஹாயோவின் ஈரி மாவட்டத்தில் 600 பேரை மாதாமாதம் சந்தித்துக் கேட்டது. வானொலியையும் பத்திரிகையையும் விட, தெரிந்தவர்களோடு பேசியதுதான் வாக்கை அதிகம் தொட்டிருந்தது. அதிலிருந்து பிறந்த 'இருபடி ஓட்டம்' (ஊடகம் சொல்வது முதலில் சிலரை எட்டி, அவர்கள் பேச்சு வழியாக மற்றவர்களுக்குப் போகிறது) என்ற கருத்தை லாசர்ஸ்ஃபெல்டும் எலிஹு காட்ஸும் 1955இல் விரித்து எழுதினார்கள், அதுவும் ஹாபர்மாஸுக்கு முன்தான்.

இன்னொன்று, ஹாபர்மாஸ் முக்கியமாகப் பேசியது லண்டன் காபிக்கடை, பாரிஸ் சலோன் (வீட்டு வரவேற்பறைக் கூட்டம்) மாதிரி இடங்களில் தனிமனிதர்கள் கூடிப் பொதுவிஷயங்களை விவாதித்ததைப் பற்றி. இரவுச் சாப்பாட்டு நேரத்து அரட்டையை அதில் தேடினால் அதிகம் கிடைக்காது, அதற்குத் தார்த்தைத்தான் படிக்க வேண்டும்.